அப்பளக் கூடத்து முதலாளி

அவருடைய கடைக்குச் சண்டை போட வந்தவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். ஒருநாள் மத்தியானம் பக்கத்துக் கடைக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். இவருடைய சமையலறைக் குழாய் ஒழுகி, அவருடைய துணிக் கட்டுகள் எல்லாம் நனைந்துபோயிருந்தன. "உக்காருங்க அண்ணே. மொதல்ல சாப்பிடுங்க. அப்புறம் என்னை நாலு அடி போடுங்க, வாங்கிக்கறேன்" என்றார் இவர். இலையைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டார். மீன் குழம்பு, பிறகு ரசம், பிறகு மோர். அந்த மனிதர் கை கழுவி, ஏப்பம் விட்டு, "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழாய் அதற்குப் பிறகும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிங்கப்பூர்ச் சிராங்கூன் ரோட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். என்ன மனுஷன் பாருங்கள், கோபத்துக்கே சோறு போட்டு அனுப்புகிறார் என்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. அந்தச் சோற்றை நானும் தின்றிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

நான் கேஸ் வேலை செய்பவள். உரிமம் வாங்கி, சொந்தமாக ஒரு சின்ன கம்பெனி வைத்து, சமையல் கூடங்களிலும் தொழிற்கூடங்களிலும் எரிவாயுக் குழாய் போடுவது, அடுப்பு, சூளை, ஹீட்டர் மாட்டுவது, வருஷா வருஷம் வந்து பார்ப்பது என்று பிழைப்பு. பொம்பளை கேஸ் வேலையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் நீண்டுவிட்டது என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரிதான். அந்த வாய் ஒரே ஒரு மனிதரிடம்தான் செல்லுபடியாகவில்லை.

அந்த முதலாளி பார்க்க மிகச் சாதாரணமாக இருப்பார். வெள்ளைச் சட்டை, காலருக்கு உள்ளே மடித்து வைத்த கைக்குட்டை, நெற்றியில் சந்தனம். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் சாப்பிடும்போது உட்காரவே மாட்டார். தண்ணீர்ச் செம்போடு பந்திக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பார். யார் வீட்டிலாவது இறப்பு என்றால், சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் இவருடைய கோப்பிப் பாத்திரம் அந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். கொரோனா நேரத்தில் விடுதிகளில் அடைந்து கிடந்த தொழிலாளிகளுக்குச் சோற்றுப் பொட்டலம் அனுப்பிக்கொண்டே இருந்தார். இதெல்லாம் உண்மை. ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடை. அதைத் தவிர, மார்சிலிங் பக்கம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் அப்பளமும் வடாமும் மோர்மிளகாயும் போடும் கூடம் ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் அப்பளம் காயவைப்பது லேசான காரியம் இல்லை. காலையில் வெயில் அடிக்கும், தட்டை எடுத்து வெளியே வைப்பதற்குள் மழை கொட்டும். அதனால் கூரையிலிருந்து தொங்கவிடும் கேஸ் ஹீட்டர்களை வாங்கிப் போட்டார். இன்ஃப்ராரெட் என்று சொல்கிறோமே, அந்த வகை. முகத்தில் துளைத் துளையாகப் பீங்கான் ஓடு இருக்கும். கேஸும் காற்றும் சரியான அளவில் கலந்து அந்த ஓட்டிலேயே எரியும். நெருப்பு தெரியாது. ஓடு மட்டும் செக்கச்செவேலென்று கனன்று, கீழே இருக்கிற பொருளை நேராகச் சூடாக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் வெயில். "வெயில போடு", "வெயில அணை" என்றுதான் அங்கே வேலை செய்த பெண்களும் பேசுவார்கள்.

மாட்டியது நான்தான். நன்றாகத்தான் மாட்டினேன். அந்த ஹீட்டர்களுக்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்து வருவதெல்லாம் அறைக்குள்தான் கலக்கும். அதனால் சுவரின் கீழ்ப்பக்கம் வெளிக்காற்று உள்ளே வர, ஜன்னல் போலத் திறந்து மூடுகிற சட்டங்கள் வைத்தேன். மேலே காற்றை வெளியே தள்ளப் பெரிய விசிறி வைத்தேன். விசிறி ஓடினால்தான் கேஸ் வரும், விசிறி நின்றால் கேஸும் தானாக நின்றுவிடும் என்பது போல இரண்டையும் இணைத்துவிட்டேன். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சு வரும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தலை வலிக்கும், தூக்கம் வரும், அப்படியே போய்விடுவோம் என்று அவரை நிற்கவைத்துச் சொன்னேன்.

"சரி தங்கச்சி. நீங்க சொன்னா சரி" என்றார்.

அவருடைய 'சரி'யைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாகச் சரி சொன்ன மனிதரைப் பார்த்ததில்லை. மறுத்துப் பேசுகிறவனிடம் மல்லுக்கட்டலாம். செலவாகும் என்கிறவனுக்குக் கணக்குச் சொல்லலாம். இவரோ நாம் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடுவார், சட்டங்களைத் தன் கையாலேயே திறந்துகாட்டுவார், "இப்ப போதுமா?" என்று குழந்தை போலக் கேட்பார், உடனே சாப்பிடக் கூப்பிடுவார். நான் காரில் ஏறி அடுத்த சிக்னலைத் தாண்டுவதற்குள் சட்டங்கள் மூடிக்கொள்ளும்.

ஏன் மூடுகிறார் என்பதை எனக்குச் சொன்னவள் மல்லிகா. மலேசியாவில் ஜொகூர் பாருவிலிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வந்து அப்பளம் இடுகிற பெண். இன்னும் இரண்டு பெண்களும் வருவார்கள். ஆனால் முழு நாளும் ஹீட்டர்களுக்கு நடுவே நின்று தட்டுகளைத் திருப்பிப்போடுகிறவள் அவள்தான். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் உண்டு, புருஷன் இல்லை. என்னைவிடச் சின்னவள், அக்கா என்பாள்.

"காத்து வந்தா அப்பளம் சுருண்டுக்குது க்கா. விசிறி போட்டா லேசா இருக்கறதெல்லாம் பறக்குது. அதான் மொதலாளி அட்டைய வெச்சு மூடச் சொல்லிட்டாரு. வெளிய தெரியாம மேல துணி போட்டிருக்கோம்."

விசிறியைப் போடாவிட்டால் கேஸ் வராதே என்றேன். அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார். யாரோ ஒரு மின்சாரக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டு, நான் இணைத்திருந்த ஒயரை விசிறிக்குப் போகாமல் குறுக்கே கட்டவைத்திருந்தார். விசிறி நின்றிருந்தாலும் வெயில் எரிந்தது. அந்த மின்சாரக்காரருக்கும் வயிறு நிறையப் போட்டிருப்பார், சந்தேகமே இல்லை.

அப்பளம் சுருளக்கூடாது என்பதற்காக ஒரு பெண்ணின் மூச்சை அடைப்பதா? இதைக் கேட்கத்தான் நான் நேராகக் கடைக்குப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை, கடை நிறைய கூட்டம். "அண்ணே, உங்ககிட்ட பேசணும்" என்று ஆரம்பித்தேன். "பேசலாம் லா, எங்க போயிடப்போறோம்? காலைலேர்ந்து சாப்பிடலைன்னு மொகத்துலயே தெரியுது" என்றார். இலை வந்துவிட்டது. இலை போட்ட பிறகு எழுந்திருக்க எனக்குத் தெரியாது, அப்படி வளரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே திட்டினேன். அவரும் என் இலையில் அப்பளத்தை நொறுக்கி வைத்துக்கொண்டே சரி சரி என்றார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எவ்வளவு தூரம்தான் மிரட்ட முடியும்?

ஆயுத பூஜைக்கு மறுநாள் போயிருந்தபோது நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எல்லா ஹீட்டர்களுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார். வைக்கட்டும், நானும்தான் என் ஸ்பேனருக்கு வைக்கிறேன். ஆனால் இவர் வைத்த இடம் ஹீட்டரின் பின்பக்கம், காற்று உள்ளே இழுக்கும் துளை. வட்டமாக இருக்கிறதல்லவா, அதுதான் நெற்றி என்று முடிவு செய்துவிட்டார். கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அந்தத் துளையின் மேலேயே அப்பியிருந்தார். அது காய்ந்து கல்லாகியிருந்தது. மாவுத் தூசி வேறு ஏற்கெனவே பாதி அடைத்திருந்தது. செவ்வந்தி மாலை சங்கிலியில் தொங்கி, கனலுக்குப் பக்கத்தில் மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருந்தது. ஓடு செம்மையாக எரிவதற்குப் பதிலாக மஞ்சளாக நாக்கு நீட்டி எரிந்தது. மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

கேஸை மூடிவிட்டு, ஏணி போட்டு ஏறிச் சுரண்ட ஆரம்பித்தேன். கீழே நின்று பதறினார்.

"சாமிக்கு வெச்சத எடுக்கக் கூடாது தங்கச்சி. அதுவா விழணும்."

"அது விழறதுக்குள்ள நாம விழுந்துடுவோம் அண்ணே!"

விழுந்து விழுந்து சிரித்தார். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கே கடைக்கு வந்த எல்லாரிடமும் அதைச் சொல்லிவிட்டார். "நம்ம கேஸ் தங்கச்சி வாய் இருக்கே!" அடுத்த வாரம் நான் தேக்கா சந்தைக்குப் போனால், முன்பின் தெரியாத பூக்கடை அம்மா என்னைப் பார்த்து, "அது விழறதுக்குள்ள நாம விழுந்துடுவோமாமே!" என்று சிரிக்கிறாள். நான் எச்சரித்ததை அவர் வேடிக்கையாக்கி ஊருக்குப் பரிமாறிவிட்டிருந்தார்.

அதே நாளில் அந்தக் கூடத்தில் ஒரு மேசைமேல் தைலக் குப்பிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். மூன்று பெண்களுக்கும் மத்தியானத்தில் தலை வலிக்கிறதாம். அவரே பார்த்துப் பார்த்து வாங்கி வந்து வைத்திருக்கிறார். "என் தங்கச்சிங்க மாதிரி இவங்க. தலவலின்னா மனசு கேக்க மாட்டேங்குது" என்றார். மனசு கேட்கவில்லையாம்! ஒரு துணியை விலக்கி ஒரு அட்டையை எடுத்தால் போய்விடும் தலைவலிக்கு, டஜன் கணக்கில் தைலம் வாங்கத் தெரிந்தது இந்த மனுஷனுக்கு.

நான் விடவில்லை. நஞ்சு கூடினால் சத்தம் போடும் அலாரம் ஒன்றைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினேன். நாலு நாள் கழித்து, அதைத் துணியில் பொதிந்து, ஒரு பெட்டி ஜாங்கிரியோடு ஆங் மோ கியோவில் என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

"கெட்டுப்போச்சு போல தங்கச்சி. சும்மா சும்மா கத்துது. புள்ளைங்க பயப்படறாங்க."

"அண்ணே, அது கத்துதுன்னா கெட்டுப்போகலைன்னு அர்த்தம்!"

"சரி தங்கச்சி. ஜாங்கிரி சூடா இருக்கு, மொதல்ல பசங்களுக்குக் குடுங்க."

அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியை அவர் தலைமேல் கவிழ்த்திருக்க வேண்டும். என் மாமியார் உள்ளேயிருந்து வந்து, "அடடே, வாங்க வாங்க" என்று அவரை உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தார். அவர் போன பிறகு, "இப்படிப்பட்ட மனுஷன்கிட்ட போய்க் கத்துறியே" என்று என்னைத் திட்டினார்.

தீமிதி நெருங்கியது. சைனாடவுன் அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு மல்லிகா விரதம் இருந்தாள். மகளுக்குப் பரீட்சை. தீமிதி முடிந்தவுடன் தீபாவளி. அதனால் கூடத்தில் ஆர்டர் குவிந்து, வெயில் அணையவே இல்லை. நான் போன அன்றைக்கு அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். கண் செருகியிருந்தது.

"ஒண்ணும் இல்ல க்கா. விரதம்ல, ஒருவேளைச் சாப்பாடு. தல கனக்குது. வீட்டுக்குப் போற வழியில காத்துப் பட்டா சரியாயிடுது."

"வெளிய போனா சரியாவுதா?"

"ஆமா க்கா. பாலத்துல வந்தா நல்லாயிடுது."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்ல முடியும்? வெளியே போனால் சரியாகிறது, உள்ளே வந்தால் வலிக்கிறது. விரதம் வயிற்றோடு கூடவே வருமே, பாலத்தில் இறங்கிக்கொள்ளுமா? நான் அவளுக்கு அங்கேயே சொன்னேன். அவள் பாதி கேட்டாள், பாதி கேட்கவில்லை. "மொதலாளி தெரியாமயா செய்வாரு?" என்றாள்.

அன்றைக்கு நான் யாரிடமும் பேசவில்லை. கேஸ் வரும் முதன்மை வால்வை மூடினேன், பூட்டுப் போட்டேன், சிவப்புச் சீட்டைக் கட்டினேன். அவருக்குப் போன் செய்து, விசிறியும் சட்டங்களும் நான் வைத்தபடி இருந்தால்தான் திறப்பேன், இல்லாவிட்டால் இல்லை என்றேன். அதிகாரிகளுக்கும் எழுதிப் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "சரி தங்கச்சி, உங்களுக்கும் சிரமம், அலைச்சல்" என்றார். அந்தச் 'சிரமம்' என்ற வார்த்தையில் என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மறுநாளே வேறு ஆள் வந்து பூட்டை வெட்டியிருக்கிறான். வெயில் மறுபடி எரிந்தது. அதிகாரிகள் வருவதற்கு முன்னால் மல்லிகா விழுந்துவிட்டாள்.

போன் செய்தவர் அவர்தான். அந்த நேரத்திலும் என்னைத்தான் கூப்பிட்டார். "தங்கச்சி, மல்லிகா எந்திரிக்க மாட்டேங்குது, வாங்க, வாங்க" என்று அழுதார். நான் போய்ச் சேரும்போது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டிருந்தது. அவரும் அதிலேயே ஏறிப் போயிருந்தார். மற்ற இரண்டு பெண்களும் படிக்கட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் துணியும் அட்டையும் கிழித்துப் போட்டபடி கிடந்தன. அந்த அவசரத்தில் எதைக் கிழிக்க வேண்டும் என்று அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. கூடத்தை மூடினார்கள், ஹீட்டர்களைக் கழற்றினார்கள், அபராதம் விதித்தார்கள். கட்டிவிட்டார். ஆனால் ஊர் பார்த்தது வேறு. எதிர்க் கட்டடத்திலிருந்து யாரோ போனில் படம் எடுத்திருந்தார்கள். மல்லிகாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு சாய்தளத்தில் ஓடி வருகிறார். சட்டையெல்லாம் வியர்வை, கால் செருப்பு எங்கேயோ போய்விட்டது, வாய்விட்டு அழுகிறார். 'முதலாளின்னா இப்படி இருக்கணும்' என்ற வரியோடு அது எல்லார் போனுக்கும் போயிற்று. எனக்கே ஆறேழு பேர் அனுப்பினார்கள். என் மாமியார் அதைப் பார்த்துக் கண்கலங்கினார். அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நிஜமாகத்தான் அழுதார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு அழத் தெரிந்த மனிதருக்கு ஒரு அட்டையை எடுக்கத் தெரியவில்லையே!

சில நாள் கழித்து வழியில் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரே வந்து நின்றார்.

"அதிகாரிங்ககிட்ட நீங்க சொன்னது எனக்குத் தெரியும் தங்கச்சி. ஒங்க கடமைய நீங்க செஞ்சீங்க. எனக்கு ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்ல."

அவருக்கு என் மேல் வருத்தம் இல்லையாம். என்னை மன்னித்துவிட்டார்! நான் மல்லிகா எப்படி இருக்கிறாள், ஜொகூரில் அவள் வீட்டு நம்பர் கொடுங்கள் என்று கேட்டேன். "தரேன் தரேன், கடைக்கு வாங்க, சாப்பிட்டுகிட்டே பேசலாம்" என்றார். போகவில்லை. இனி அந்த இலையில் உட்காருவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். நம்பரும் வரவில்லை. மல்லிகா பிழைத்துவிட்டாள், மகள் அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள் என்று மற்றவர்கள் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த தீமிதிக்கு முன்னால், அதே தெருவில் ஒரு இனிப்புக் கடையின் அடுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது அவருடைய கடை வாசலில் மல்லிகா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காகிதக் கைத்துடைப்பான்கள். ஒன்றை எடுக்கிறாள், மடிக்கப் பார்க்கிறாள், விரல் நடுங்குகிறது, விட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கிறாள். அப்பளத்தை நிலா மாதிரி இடுகிற கை அது. நான் போய் முன்னால் நின்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் பெயரைத் தேடினாள், கிடைக்கவில்லை.

"கேஸ் அக்கா" என்றாள் கடைசியில்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். வாரத்தில் சில நாள் முதலாளியே ஆள் அனுப்பி அழைத்துவரச் செய்கிறாராம். வேலை என்று ஒன்றும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாம், சம்பளம் வருகிறதாம், மகள் படிக்கிறாளாம். "அவரு எனக்குச் சோறு ஊட்டிகூட விடுவாரு க்கா, கை நடுங்கறப்ப." உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா இதைக் கேட்டுவிட்டு, "தெய்வம்மா அவரு" என்றார்.

"செவ்வாய்க்கிழமையில காருல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறாரு" என்றாள் மல்லிகா. "ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வரேன்."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கற?"

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான்தான் விரதத்தக் கெடுத்தேன் க்கா. அன்னைக்கு செக்பாயிண்ட்ல ஒரே ஜாம். பசி தாங்கல. பையில மகளோட பிஸ்கட் இருந்துச்சு. ஒண்ணு சாப்பிட்டேன். அதான் ஆத்தா அடிச்சுட்டா. மொதலாளிகிட்ட அழுதுகிட்டே சொன்னேன். பரவால்ல, கோயிலுக்குப் போய்க் கேட்டா ஆத்தா மன்னிச்சிருவான்னு சொன்னாரு. ஒவ்வொரு வாரமும் கூட்டிட்டுப் போறாரு. பாவம், எனக்காக."

"ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன சொன்னாரு?" என்றேன்.

"அவங்க இங்கிலீஷ்ல பேசுனாங்க. மொதலாளிதான் எனக்கும் மகளுக்கும் சொன்னாரு. பட்டினியா இருந்ததால ரத்தத்துல காத்துக் கொறைஞ்சுபோச்சுன்னு."

"கூடத்த ஏன் மூடினாங்க?"

"லைசென்ஸ் ஏதோ பிரச்சினைன்னாரு."

அவர் தண்ணீர்ச் செம்போடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "தங்கச்சி! எத்தன நாளாச்சு! டேய், ஒரு இலை போடு" என்றார்.

எழுந்து நின்றேன். கடை நிறைய ஜனம். என் குரல் எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்குக் கத்தினேன்.

"மல்லிகா, நீ விழுந்தது பிஸ்கட்டால இல்ல. விரதத்தால இல்ல. ஆத்தா ஒண்ணும் அடிக்கல. அந்த ஹீட்டர்லேர்ந்து விஷக் காத்து வந்துச்சு. காத்து வர்ற வழிய அட்ட வெச்சு மூடுனாரு இவரு. அப்பளம் சுருளுதுன்னு மூடுனாரு. விசிறிய நிறுத்துனாரு. நான் பூட்டுன பூட்ட ஒடச்சாரு. டாக்டரும் அதத்தான் சொல்லியிருப்பாங்க. இவருக்குத் தெரியும். ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் ஒன்னைக் கார்ல ஏத்தும்போதும் இவருக்குத் தெரியும்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்கள். தெய்வம் என்று சொன்ன அம்மா, "என்னம்மா இது, கடையில வந்து" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மல்லிகா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். எழுந்திருக்க அவளுக்கு நேரம் ஆயிற்று. மடியிலிருந்த காகிதமெல்லாம் கீழே சரிந்தது.

"மொதலாளி, அக்கா சொல்றது நெசமா?"

அவர் செம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வாயைத் திறந்தார். சரி என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணீரை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், எனக்கு அது போதவில்லை. மல்லிகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் வராது என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ ஆத்தாவுக்கு என் மேல கோவம் இல்லையா க்கா?"

"இல்ல."

கொஞ்சம் யோசித்தாள். அவளுக்கு இப்போதெல்லாம் யோசிக்க நேரம் எடுக்கிறது. எல்லாரும் காத்திருந்தோம்.

"அப்போ நான் கோவப்படலாமா க்கா?" என்று கேட்டாள்.

படலாம் என்றேன்.